மிருணா பாட்டில் வராத மணிச்சத்தம்

ஜூலை 14, 2025

வடக்கே மழை பிடித்துக்கொண்டது. போர்வெல் போடும் ரிக் வண்டி திருச்செங்கோட்டுக்குத் திரும்பிவிட்டது. இனி ஆயுத பூஜை வரை டிரில்லர் குமரகுருவாகிய எனக்கு வீடுதான். காலையில் கண் விழித்ததும் எந்த ஊரில் கிடக்கிறோம் என்று யோசிக்க வேண்டாம்.

பாடகி மிருணாவின் ஹிட்ஸ் தொகுப்பு வந்திருக்கிறது! பழைய ஆல்பங்களில் பொறுக்கியெடுத்து, மூல டேப்பிலிருந்தே ஹை-ரெஸ்ஸில் புதிதாகப் பதிந்திருக்கிறார்களாம். இருபத்துநாலு பிட். ஒரு பாட்டு இறங்குவதற்குள் ராசாத்தி சோறாக்கி முடித்துவிட்டாள்.

"எம்பி3 இருக்குதே, அது காதுக்குத் தெரியாததையெல்லாம் வெட்டிப்போடும். இதுல ஒண்ணையும் வெட்டறதில்ல" என்று பெண்டாட்டிக்கு விளக்கினேன்.

"காதுக்குத் தெரியாததுன்னா, அது இருந்தா என்னுங்க, இல்லாட்டி என்னுங்க?"

இவளிடம் போய்ச் சொன்னேன் பார்.

ஜூலை 15

மதியம் பாயில் படுத்து, கண்ணை மூடி, மூன்றாவது பாட்டு. மிருணா மூச்சு இழுப்பது கன்னத்துக்குப் பக்கத்தில் இழுப்பதுபோல இருக்கிறது. பாய் மெல்லத் தரையை விட்டு எழும்பியது என்று எழுதினால் யார் சண்டைக்கு வரப்போகிறார்கள்? கல்யாணத்துக்கு முன்னால் மோகனூர் பஸ்ஸில் கேட்ட பாட்டு. வாய்க்காலும் கரும்பும் ஜன்னலில் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் எல்லா வாத்தியமும் நின்று, ஒரே ஒரு சின்ன மணி வரும். அதற்காகவே காத்திருப்பேன்.

இன்றைக்கும் காத்திருந்தேன். வரவில்லை. அந்த இடம் சும்மா இருந்துவிட்டுப் போய்விட்டது.

ஜூலை 16

போனில் கிடந்த பழைய எம்பி3யையும் போட்டுப் பார்த்தேன். அதிலும் மணி இல்லை. அப்படியென்றால் விஷயம் வெட்டவெளிச்சம் – எம்பி3யை ஊதிப் பெருக்கி ஹை-ரெஸ் என்று தலையில் கட்டுகிறார்கள். விற்றவனுக்குக் காரசாரமாக எழுதிவிட்டேன். ஒரே ஒரு ஸ்டார்.

ஜூலை 19

பதிலும் இல்லை. மழையும் இல்லை.

ஜூலை 22

'வேறு ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள்' என்று பதில் வந்தது. நாமக்கல்லில் லாரிகளுக்கு மியூசிக் சிஸ்டம் மாட்டும் சந்தோஷ்குமார் கடைக்குப் போனேன். இருப்பதிலேயே நல்ல ஹெட்போனைக் கொடுத்தான். ம்ஹூம். அவனும் வாங்கிக் கேட்டான்.

"மணி நல்லாத்தானுங்ணா வருது."

இவன் அவர்களுக்கு ஏஜெண்டோ என்னவோ. காபி குடிக்காமல் வந்துவிட்டேன்.

ஜூலை 24

கனவு. மத்தியப் பிரதேசத்தில் ஏதோ ஒரு காடு. போர் குழியிலிருந்து தூசிக்குப் பதிலாக மிருணாவின் குரல் வெள்ளையாக வந்துகொண்டிருக்கிறது. ரிக் நிற்கிறது, காற்று நிற்கிறது. மணி கேட்டது. அவ்வளவு தெளிவாக. விழித்த பிறகும் அது எங்கோ போய்க்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் அசையாமல் படுத்திருந்தேன்.

ஜூலை 27

ராசாத்தி அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். மணியைப் பற்றி மூச்சுவிடாமல் ஹெட்போனை அவள் தலையில் மாட்டி, மூன்றாவது பாட்டைப் போட்டேன். தலையை ஆட்டிக்கொண்டே உரித்தாள். திடீரென்று கை நின்றது.

"ஏனுங்க, நடுவுல கொலுசாட்டம் ஒண்ணு வந்துதே, அது என்னுங்க?"

சந்தோஷ் பொய் சொல்லலை. வித்தவன் ஏமாத்தலை. எம்பி3லயும் இருந்திருக்கு – எல்லாத்துலயும் இருந்திருக்கு. எங்கிட்டத்தான் இல்லை. பயமா இருக்கு.

ஜூலை 28

பூமிக்குள்ளே ரிக்கின் சுத்தியல் அடிக்கும் சத்தம் மாறுவதை வைத்துத்தான் பாறையா, இடுக்கா, தண்ணீரா என்று சொல்வேன். அது தப்பிவிடக் கூடாதென்று, காதைக் கிழிக்கும் கம்ப்ரசர் பக்கத்தில் நிற்கும்போதுகூடக் காதை மூடியதில்லை. இத்தனை வருடமும். மூடுகிறவனைக் கேலி வேறு பண்ணியிருக்கிறேன்.

காது போனால் நான் டிரில்லரா? வேறு என்ன தெரியும் எனக்கு?

ஆகஸ்ட் 4

சேலத்தில் காது டாக்டர். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்தார்கள். சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். கடைசியில் வெகு நேரம் அழுத்தாமலே உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ராசாத்தி என் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேல் ஸ்தாயிச் சத்தங்கள் போனது போனதுதானாம், திரும்பாதாம். கம்ப்ரசரிலேயே நின்றால் மீதியும் போகுமாம். பேச்சுக்குக் காது மெஷின் உதவுமாம். பாட்டு? அதைக் கேட்க வாய் வரவில்லை.

பஸ்ஸில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். "ரிக் வேலை போதுமுங்க" என்றாள். அது கேட்டது.

ஆகஸ்ட் 5

ஒரு ஸ்டாரை எடுத்துவிட்டு விற்றவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் பூப்படம் அனுப்பினான்.

செப்டம்பர் 21

ரிக் முதலாளி அர்த்தநாரி அண்ணனிடம், இனி வண்டி ஏறமாட்டேன் என்று சொல்லியாகிவிட்டது. வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன், அங்கே போனதும் டாக்டர் சீட்டைத்தான் நீட்டினேன்.

"ஏப்பா, உன்ன உட்டா எனக்கு யாருப்பா?" என்று சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "செரி, பட்டறையில ஸ்பேர் கொடுக்கற வேலையப் பாத்துக்க. சம்பளம் கொஞ்சம் கொறையும். உசுரோட இருக்கற காதையாச்சும் காப்பாத்து."

அக்டோபர் 3

பூஜை முடிந்து வண்டி கிளம்பியது. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தேன். ஏறவில்லை. சங்ககிரி ரோட்டில் அது வளைந்து மறையும்வரை பட்டறை வாசலில் நின்றேன். அழுதேன் என்றால் அழுதேன்தான்.

நவம்பர் 9

ஞாயிறு. வெளியே தூறல். ஸ்பீக்கரில் மூன்றாவது பாட்டு. அந்த இடம் வரும்போது ராசாத்தி என்ன வேலையில் இருந்தாலும் எனக்குச் சொல்லிவிடுகிறாள். நேற்று, "டம்ளர்ல கரண்டி பட்டாப்பல வந்துதுங்க." அதற்கு முந்தைய நாள், "சாமி கும்புட்டு முடிச்ச பொறவு மிஞ்சுற சத்தமாட்டம்."

பதிந்த பாட்டு, என்றைக்கும் ஒரே மாதிரித்தான் அடிக்கும் என்று எனக்குத் தெரியாதா? இருந்தாலும் இன்றைக்கும் அந்த இடம் வந்ததும் பாட்டை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன்.

"இன்னிக்கு ரொம்பக் கிட்டத்துல வந்துதுங்க" என்றாள்.