காவிரிப் பாலத்தில் மெதுவாகப் போகிற வண்டி

இன்று காலை பழைய வண்டியைத் துடைத்துக் காலி செய்துகொண்டிருந்தேன். டேஷ்போர்டு டப்பாவைத் திறந்ததும் குப்பென்று இஞ்சி வாசம். உங்கள் இஞ்சி மொரப்பா பாக்கெட்தான். பாதி மிச்சமிருந்தது. ஒரு வருஷத்து வெயிலில் இளகி, இன்சூரன்ஸ் காகிதத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிய்த்து எடுத்தால் காகிதமும் கொஞ்சம் சேர்ந்து வந்தது. கையில் துணியோடு அப்படியே முன் சீட்டில், நீங்கள் உட்காருகிற பக்கம், கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இந்த மடலை அங்கேயே மனசுக்குள் தொடங்கிவிட்டேன். இப்போது சாயங்காலம். புது வண்டி வாசலில் நிற்கிறது. எந்த வண்டி என்று கேட்பீர்கள். பொறுங்கள், வரிசையாகச் சொல்கிறேன்.

ஊரில் புருஷன் வண்டி ஓட்டுவான், பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்து பயப்படுவாள். நம் வீட்டில்தான் எல்லாம் தலைகீழ். அரியமங்கலம் பட்டறைக்கென்று முதல் கார் வாங்கியபோது ஓட்டிப் பழகியது என்னவோ நீங்கள்தான். மூன்றாம் நாளே, நாமே செய்து நாமே நிறுத்திய பட்டறைக் கேட்டில் கொண்டுபோய் மோதினீர்கள். முன் விளக்கு நொறுங்கிப்போனது. இறங்கி வந்த நீங்கள் வண்டியைப் பார்க்கவே இல்லை, கேட்டைத்தான் சுற்றிச் சுற்றிப் பார்த்தீர்கள். "கேட்டுக்கு ஒண்ணுமே ஆகல பாத்தியா? நம்ம வெல்டிங் அப்படி" என்று சொல்லிவிட்டு சாவியை என் கையில் கொடுத்தீர்கள். அதற்கப்புறம் இருபத்தாறு வருஷம் சாவி என்னிடமே இருந்தது.

ஓட்ட வராது என்பதோடு, வண்டியில் ஏறினாலே உங்களுக்குக் குமட்டும். ஸ்ரீரங்கத்திலிருந்து பட்டறைக்குத் தினமும் பாலம் தாண்டியாக வேண்டும். வாயில் ஒரு மொரப்பாவைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வீர்கள். வாய் மட்டும் மூடாது. உடம்பில் படுகிற குலுக்கலை வைத்தே வழி சொல்லிக்கொண்டு வருவீர்கள். "மாம்பழச்சாலை வந்துட்ட. இப்ப பாலம் ஏறிட்ட. ஒண்ணு, ரெண்டு, மூணு..." பாலத்து ஜாயிண்ட் ஒவ்வொன்றிலும் டயர் தடக்கென்று விழும். அதை எண்ணுவீர்கள். "எண்ணிக்கிட்டே இருந்தா வாந்தி வராது" என்பது உங்கள் வைத்தியம்.

பாலம் முடிந்ததும் சண்டை தொடங்கும். உங்கள் எண்ணிக்கை எப்போதும் என்னுடையதைவிட ஒன்று கூடுதலாக இருக்கும். ரோடும் பாலமும் சேருகிற இடத்தில் வருகிற முதல் தடக்கையும் நீங்கள் சேர்த்துக்கொள்வீர்கள். "அது ரோட்டுக்குச் சொந்தம்ங்க" என்பேன். "ரோடு முடிஞ்சாதானே அந்தச் சத்தம் வருது? அப்ப பாலத்துக்குத்தான் சொந்தம்" என்பீர்கள். இப்படி ஒரு வழக்கை இத்தனை வருஷம் இழுத்த தம்பதி திருச்சி ஜில்லாவிலேயே வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

நம் பிள்ளை கார்த்தி படித்து முடித்துச் சென்னைக்கு வேலைக்குப் போனான். பட்டறையும் நிமிர்ந்து நின்றது. அப்புறம்தான் பெரிய வண்டிப் பேச்சு வந்தது. சாப்பாட்டு மேஜையில் இரண்டு வண்டிகளின் விளம்பரப் புத்தகங்கள் கிடக்கும். ஒன்று மெத்தென்று போகிற செடான். பின் சீட்டைச் சாய்த்துக் காலை நீட்டிக்கொள்ளலாம், முதுகைப் பிடித்துவிடக்கூட அதில் வசதி உண்டு. இன்னொன்று, நீலக் கலரில், ஓட்டுகிறவருக்கென்றே செய்தது. தாழ்ந்த உடம்பு, கெட்டியான சஸ்பென்ஷன், ஸ்டியரிங்கை நினைத்தாலே திரும்பும். விலை இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். "சோபால உக்காந்து போற மாதிரி இருக்கணும் வண்டின்னா" என்பீர்கள். "சோபால உக்காரணும்னா வீட்லயே உக்காருங்களேன், ஓட்டுறவ நான்" என்பேன். இரண்டு வருஷம் பேசினோம். வாங்கிவிட்டால் சண்டை தீர்ந்துபோய்விடுமே என்றுதான் இரண்டு பேரும் தள்ளிப்போட்டோமோ என்னவோ.

அப்புறம் உங்கள் முதுகெலும்பில் அந்த நோய் வந்து உட்கார்ந்தது. வாரம் மூன்று தடவை தில்லைநகர் ஆஸ்பத்திரி. நம் பழைய வண்டி முரட்டு வண்டி. விளையாட்டாக எண்ணிய ஜாயிண்ட் ஒவ்வொன்றும் உங்கள் முதுகில் விழ ஆரம்பித்தது. இடுப்புக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று என்று இலவம்பஞ்சுத் தலையணை வைத்தேன். ஒவ்வொரு ஜாயிண்டுக்கு முன்னாலும் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, டயரை மெல்ல இறக்கி, மெல்ல ஏற்றினேன். நீங்கள் எண்ணுவதை நிறுத்திவிட்டீர்கள். மேல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி வருவீர்கள். ஒருநாள் உப்பிலியபுரம் பஸ் ஒன்று பின்னாலேயே ஹாரன் அடித்து வந்து, பக்கத்தில் ஒதுங்கி, டிரைவர் தலையை நீட்டி, "என்னம்மா, சாமி ஊர்வலமா?" என்று கத்தினார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நீங்கள் கண்ணைத் திறக்காமல், "விடு, அவருக்குச் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு டைமுக்குப் போகணும்" என்றீர்கள்.

ஆனி மாதக் கடைசியில் போய் மெத்தை வண்டியைப் புக் பண்ணினேன். "சண்டையில நீங்க ஜெயிச்சிட்டீங்க, சந்தோஷமா?" என்றேன். "இப்படி ஜெயிக்கணும்னு ஆசைப்படலம்மா" என்றீர்கள்.

இனிமேல் சொல்லப்போவதுதான் ஒரு வருஷமாக என் நெஞ்சில் கிடக்கிறது. ஆடி இரண்டாம் தேதியே வண்டி வந்துவிட்டது. ஷோரூமிலிருந்து ரம்யா என்கிற பெண் போன் பண்ணி, "ரெடியா இருக்கு மேடம், எப்ப எடுத்துக்கிறீங்க?" என்றாள். "ஆடி போகட்டும்மா" என்றேன். நான்தான் சொன்னேன்! ஆடி, மார்கழி, அஷ்டமி, நவமி என்று யார் பேசினாலும் கேலி பண்ணுகிறவள், புது வெல்டிங் மெஷினை நல்ல அஷ்டமியாகப் பார்த்து இறக்கியவள். வேறு ஒன்றுமில்லை, பயம். இத்தனை நாள் நம்பாமல் இருந்ததற்கெல்லாம் சேர்த்து எதுவோ உங்கள் தலையில் வந்து விடிந்துவிடுமோ என்று பயம். "பதினெட்டாம் பெருக்கு அன்னிக்கு எடுங்க மேடம், அது ரொம்ப நல்ல நாள்" என்று ரம்யா மறுபடி கேட்டாள். அதற்கும் நான் மசியவில்லை. எதற்கு வம்பு, ஆவணி முதல் முகூர்த்தத்தில் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். உங்களிடம் சொன்னபோது தலையணையைச் சரிபண்ணிக்கொண்டே, "உன் இஷ்டம்" என்றீர்கள்.

பெருக்கு கழிந்த மூன்றாம் நாள் போய்விட்டீர்கள்.

அந்தப் பத்தொன்பது நாளில் எட்டுத் தடவை பாலம் தாண்டிப் போய், எட்டுத் தடவை திரும்பி வந்தோம். மெத்தை வண்டி ஷோரூமில் சீட்டு உறைகூடப் பிரிக்காமல் நின்றுகொண்டிருந்தது. நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு வந்ததற்கு நோய் பாதி காரணம், நான் பாதி காரணம். கார்த்தியிடம் வண்டி வர லேட்டாகிறது என்று பொய் சொல்லியிருந்தேன். அப்புறம் வண்டி வேண்டாம் என்று ஷோரூமுக்குக் காரணம் சொல்லாமல் சொல்லிவிட்டு, அந்தப் பொய்யை அப்படியே வைத்துக்கொண்டு வருஷத்தை ஓட்டினேன்.

இந்த ஆடியில் உங்கள் வருஷ திதி முடிந்தது. பழைய வண்டி வாரம் ஒருமுறை மெக்கானிக்கிடம் போய்ப் படுத்துக்கொள்கிறது. திதிக்கு வந்திருந்த கார்த்தி, "அப்பா ஆசைப்பட்ட வண்டியவே எடுத்துடும்மா. ஒரு டிரைவர் போட்டுக்க. ஐம்பத்தொன்பது வயசுல இன்னும் நீயே ஓட்டணுமா?" என்றான். நானும் அந்த முடிவில்தான் இருந்தேன். செய்த தப்புக்கு அபராதம் கட்டுவது போல அந்த வண்டியை வாங்கி, பின் சீட்டில் உட்கார்ந்துவிடுவது என்று.

ரம்யா என்னை மறக்கவில்லை. உங்களைப் பற்றிக் கேட்டுவிட்டு, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஷோரூம் டிரைவர் ஓட்ட, அவள் முன்னால் உட்கார, நான் பின் சீட்டில் சாய்ந்துகொண்டு, "காவிரிப் பாலம் போங்க" என்றேன். உங்களைப் போலவே கண்ணை மூடிக்கொண்டேன். எண்ணத் தயாராக இருந்தேன். சத்திரம் தாண்டியிருப்போம், இதோ வரும், இதோ வரும் என்று காத்திருந்தேன். ஒன்றுமே வரவில்லை. வண்டி நின்றது. ஏதோ நெரிசல் என்று கண்ணைத் திறந்தால் மாம்பழச்சாலை சிக்னல். பாலம் முடிந்துபோயிருந்தது.

"எப்படி மேடம், பாலம் வந்ததே தெரியலல்ல?" என்று ரம்யா பெருமையாகத் திரும்பினாள்.

"தெரியலம்மா" என்றேன். அதற்குமேல் அழுகைதான் வந்தது. இவ்வளவு சுலபமாகத் தாண்டியிருக்கலாமே நீங்கள்! பதினாறு தடவையும் இப்படிக் கண்ணை மூடித் திறப்பதற்குள் தாண்டியிருக்கலாமே!

ஷோரூமுக்குத் திரும்பியதும் இதையே எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். ரம்யாதான், "அந்த நீல வண்டிய ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்களேன் மேடம். போன வருஷம் சாருக்காக இதைப் புக் பண்ண வந்தப்பவே நீங்க அதைத்தான் பாத்துக்கிட்டு இருந்தீங்க" என்றாள். பெண் கெட்டிக்காரி.

அந்த வண்டியில் உட்காருவது கிணற்றுப் படியில் இறங்குவது மாதிரி இருக்கிறது, முழங்கால் முணுமுணுத்தது. ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்ததும் கை ஒரு வருஷம் கழித்துச் சிரித்தது. சொன்னால் நம்புவீர்களா தெரியவில்லை, பாலக்கரையில் ஒரு ஆட்டோவை ஒதுக்கிக்கொண்டு போனபோது நான் வாய்விட்டே சிரித்துவிட்டேன். பாலம் ஏறினேன். முதல் தடக். உடனே வலது கால் ஆக்சிலேட்டரிலிருந்து எழுந்துகொண்டது. நான் எடுக்கவில்லை, அதுவாக எழுந்தது. அடுத்த ஜாயிண்டுக்கு முன்னாலும் அப்படியே. டயரை மெல்ல இறக்கி, மெல்ல ஏற்றி, பாதிப் பாலத்தில் வண்டி நடைவேகத்துக்கு வந்துவிட்டது.

"மேடம், வண்டில ஏதாவது சத்தம் வருதா?" என்று ரம்யா பதறினாள்.

"இல்லம்மா, பழக்கம்" என்றேன்.

அந்த இடத்தில்தான் எனக்குத் தெளிந்தது. மெத்தை வண்டி உங்களுக்கு வேண்டியிருந்தது. நீங்கள் இல்லாமல் அதில் போனால், பாலம் எங்கே வந்தது, எங்கே முடிந்தது என்றே தெரியாமல் நானும் தாண்டிவிடுவேன். எனக்கு அது வேண்டாம். ஒவ்வொரு தடக்கும் எனக்குத் தெரிய வேண்டும், என் கால் எழுந்துகொள்ள வேண்டும்.

நீல வண்டியைச் சொல்லிவிட்டு, அன்றைக்கே கார்த்திக்குப் போன் பண்ணினேன். "கண்ணா, போன வருஷம் வண்டி லேட்டாகல. ஆடின்னு நான்தான் நிறுத்தி வெச்சேன். அப்பா அந்த வலியோட..." என்று ஆரம்பித்தேன்.

அவன், "எனக்குத் தெரியும்மா. அப்பாவே போன்ல சொன்னாரு" என்றான். "உங்கம்மா ஆடி பாக்குறாடா! இருபத்தாறு வருஷத்துல இப்பதான் பயப்படுறா, ஒண்ணும் கேட்டு வெக்காதன்னாரு. சொல்லிட்டு சிரிச்சாரும்மா. இருமல் வர்ற வரைக்கும் சிரிச்சாரு."

சிரித்தீர்களாக்கும். எனக்குத் தெரியாமல், அந்த முதுகோடு, என்னை வைத்துச் சிரித்திருக்கிறீர்கள். போனை வைத்துவிட்டு உங்களை நன்றாகத் திட்டினேன். ஒரு வருஷம் கழித்து அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன்.

இன்று வண்டியை எடுத்தேன். ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை, மூன்றரை மணி, சுத்தமான ராகு காலம். ரம்யாவின் மானேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எலுமிச்சம்பழமாவது வெச்சுக்கலாம் மேடம்" என்று ரம்யா கெஞ்சினாள். நாலு டயருக்கும் வைக்கச் சொன்னேன், பாவம். பழைய வண்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு, மொரப்பா பாக்கெட்டைக் காகிதத் துண்டோடு புது வண்டி டப்பாவில் வைத்தேன்.

பாலத்தில் ஆடிக் காற்று தள்ளியது. ஆற்றில் தண்ணீர் கரை தொட்டுப் போகிறது. கால் எழுந்து எழுந்து இறங்கியது. பின்னால் உப்பிலியபுரம் பஸ், அதே ஹாரன். பக்கத்தில் வந்து, "இந்த வண்டிய வெச்சுக்கிட்டு ஏம்மா உருட்டுறீங்க?" என்றார் டிரைவர். நான் கையைக் காட்டி அவரைப் போகச் சொன்னேன். நான் எண்ணிக்கொண்டிருந்தேன், பாதியில் பதில் சொன்னால் விட்டுப்போகும். ரோடும் பாலமும் சேருகிற இடத்திலிருந்தே எண்ணத் தொடங்கியிருந்தேன்.

மாம்பழச்சாலை சிக்னலில் நின்றபோது உங்கள் எண்தான் வந்திருந்தது. பக்கத்து சீட்டைப் பார்த்து, "சரிங்க, அது பாலத்துக்கே சொந்தம்" என்றேன்.