கக்கூஸ் செருப்பும் கோழிச் சாறும்

செப்டம்பர் 3, 2015, வியாழன்

காலையிலேயே இரண்டு ஜோடி செருப்பைக் காணோம். காசு எடுத்திருந்தால் ஏதோ கஷ்டம் என்று விட்டுவிடுவேன். போனது கக்கூஸ் வாசலில் கிடக்கிற பச்சை ரப்பர் செருப்பு. ஊரார் கால் எல்லாம் பட்டு, அடியில் ஈரம் காயாமல் கிடப்பது. அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு போகிறவன் என்ன பிறவி? லாரிக்குள் தொங்கவிட்டால் விபத்து வராதாம். கோயிலில் தாயத்து தீர்ந்துபோச்சா?

எல்லாம் அந்த லாரிக்காரன் சினிமாவால் வந்த வினை. 1976-ல் டோக்கியோவிலிருந்து வந்து நம் சாலையோரச் சாப்பாட்டுக் கடையில் நான்கு நாள் தங்கி எடுத்தார்கள். முப்பத்தொன்பது வருடமாக நாறுகிறது.

செப்டம்பர் 5, சனி

ஹாசினோஹே துறைமுகத்திலிருந்து ஏழு லாரி ஒன்றாக வந்தன. உடம்பெல்லாம் விளக்கு, பக்கவாட்டில் கடலலையும் டிராகனும் வரைந்து. பட்டப்பகலில் அத்தனை விளக்கையும் எரியவிட்டு. இறங்கின ஏழு பேரும் கடைக்குள் வரவில்லை. நேரே கொல்லைப்புறம், கக்கூசுக்கு. வரிசையில் நின்று புகைப்படம். ஒருவன் குந்தி உட்கார்ந்து பல்லைக் காட்டினான்.

அதோடு போயிருந்தால் சரி. கண்ணாடி போட்ட ஒருவன் கக்கூஸ் செருப்போடு ஓடிவந்து, பாய் விரித்த கூடத்தில் ஏறி, சாப்பிட்டுக்கொண்டிருந்த தபால்காரர் தட்டைத் தாண்டிக் குதித்து வாசல் வழியாக வெளியே போனான். படத்தின் கதாநாயகன் சூறாவளி ஹெய்தா அப்படித்தான் ஓடுவானாம். மற்ற ஆறு பேரும் கைதட்டினார்கள்.

தெருச்செருப்புகூட ஏறாத பாய் அது. கக்கூஸ் செருப்பு கக்கூஸ் வாசலைத் தாண்டாது என்று மூன்று வயதுப் பிள்ளைக்குத் தெரியும். வெந்நீர் வைத்து மூன்று தடவை துடைத்தேன். தபால்காரர் மீதியைச் சாப்பிடாமல் எழுந்துவிட்டார்.

ஏழு பேரும் ஆளுக்கு ஒரு காப்பி குடித்தார்கள். அடுப்பில் என் கோழிச் சாறு கொதித்துக்கொண்டிருந்தது, கோதுமைத் தட்டைப் பலகாரத்தை உடைத்துப் போட்டு. ஒருவனுக்கும் மூக்கு இல்லை.

செப்டம்பர் 11, வெள்ளி

மகனிடம் சொல்லிவிட்டேன். பனி விழுவதற்குள் அந்தக் கக்கூசை இடித்துவிட்டு உட்காருகிற மாதிரி ஒன்று கட்டவேண்டும். எனக்கு எழுபத்தேழு. குந்தினால் எழுந்திருக்கப் பேத்தி மியோவைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. அவள் கை கொடுத்துத் தூக்கும்போது கூரையைப் பார்த்துக்கொள்கிறாள். நல்ல பெண். ஆனால் எனக்கு வெட்கத்தில் உயிர் போகிறது.

மோரியோ கடுகடுத்தான். "அதை இடிச்சா அப்புறம் யாரும்மா வருவா? புதுச் சாலை போட்டதுலேர்ந்து கார்க்காரன் ஒருத்தன் இந்தப் பக்கம் திரும்பறதில்ல. வர்றது லாரி மட்டும்தான். அவனுங்க எதுக்கு வர்றாங்கன்னு உனக்கே தெரியும்."

"சாப்பாட்டுக்கு வரட்டும்" என்றேன்.

"வரலியே" என்றான்.

ஐம்பத்திரண்டு வயதாகிவிட்டது, இன்னும் அம்மாவிடம் எதைச் சொல்லக்கூடாது என்று தெரியவில்லை. அவன் சொன்னது உண்மை. அதனால்தான் அன்று முழுக்க அவனோடு பேசவில்லை.

செப்டம்பர் 20, ஞாயிறு

குமகாய் வந்தான். லாரிக்காரர் சங்கத்துத் தலைவன், அலமாரி மாதிரி உடம்பு, கழுத்தில் துண்டு. கையில் ஒரு கட்டுக் காகிதம். கக்கூசை இடிக்கக் கூடாது என்று நானூறு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், அதில் வந்த கடினமான சீன எழுத்தில் பாதி எனக்குத் தெரியாது. மியோ படித்துக் காட்டினாள். "எங்கள் இதயத்தின் சொந்த ஊர்" என்று போட்டிருந்தார்களாம். கக்கூசைத்தான்.

"உங்க வீட்டுக் கொல்லையில வச்சுக்கோ, நானே எடுத்துத் தர்றேன்" என்றேன்.

"பாட்டி, நீங்க ஒரு தடவையாவது அந்தப் படத்தைப் பாருங்க. அப்புறம் இடிங்க."

"மூக்கால மோந்தது போதாதா, கண்ணாலயும் பாக்கணுமா?"

அவன் சிரிக்கவில்லை. குனிந்து வணங்கிவிட்டுப் போனான். போகும்போது கக்கூஸ் பக்கம் திரும்பி அதற்கும் ஒரு கும்பிடு போட்டான். கண்றாவி.

செப்டம்பர் 21, திங்கள்

இன்னும் ஒரு ஜோடி செருப்பைக் காணோம்.

அக்டோபர் 6, செவ்வாய்

மியோ கேட்டாள். "ஏன் பாட்டி நீங்க மட்டும் அதைப் பார்க்கவே இல்ல? இந்த ஊர்ல பார்க்காத ஆள் நீங்க ஒருத்தர்தான்."

சினிமாக்காரர்கள் நம் வீட்டைப் பற்றி அசிங்கமாக இட்டுக்கட்டிவிட்டார்கள், அதனால் பார்க்கமாட்டேன் என்றேன். மோரியோவுக்கும் சின்ன வயதிலிருந்து இதைத்தான் சொல்லிவருகிறேன்.

பொய்.

இங்கே எழுதிவைக்கிறேன். வேறு எங்கே எழுத? என் வீட்டுக்காரர் கென்ஸோ அப்போது டோக்கியோவுக்குக் கானாங்கெளுத்தி மீன் ஏற்றிப் போகிற லாரி ஓட்டினார். அளவுக்கு மேல் ஏற்றுவார், எல்லோரும் ஏற்றினார்கள். இரண்டு அபராதச் சீட்டு ஏற்கெனவே விழுந்திருந்தது. மூன்றாவது விழுந்தால் உரிமம் போய்விடும். அன்று மதியம் அவர் கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். படம் எடுக்க இடம் பார்க்க வந்த கூட்டமும் அங்கேதான் இருந்தது. நான் கக்கூஸ் கழுவிக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாக இன்ஸ்பெக்டர் குரல் கேட்டது. "மூணாவது, இல்லியா?" பேனா கிறுக்குகிற சத்தம்கூடக் கேட்டது என்று அடித்துச் சொல்வேன்.

ஓடினேன். செருப்பை மாற்றவில்லை. மாற்ற எவ்வளவு நேரம் ஆகும், இரண்டு நொடி. அந்த இரண்டு நொடி என்னிடம் இல்லை. ஈரச் செருப்போடு பாயில் ஏறி, இருபது பேர் தட்டுக்கு நடுவில் போய், இன்ஸ்பெக்டர் கையிலிருந்த சீட்டைப் பிடுங்கி, கொதிக்கிற சாற்றுப் பானையில் போட்டுக் கலக்கிவிட்டேன். இன்ஸ்பெக்டர் சின்ன வயசு. பானையைப் பார்க்கவில்லை. தட்டுகளுக்கு நடுவில் நின்ற என் காலைப் பார்த்தார். அந்த முகம் போன போக்கு. எழுந்து, தொப்பியை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டார். இன்னொரு சீட்டு எழுதவில்லை.

கென்ஸோ அதற்கப்புறம் இருபத்திரண்டு வருடம் லாரி ஓட்டினார். நான் அந்தப் பானைச் சாற்றைக் கொட்டினேன். நாற்பது பேர் சாப்பிட வேண்டியது.

இயக்குநர் விழுந்து விழுந்து சிரித்தார். இதைப் படத்தில் வைக்கலாமா என்று கேட்டார். வைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாவேன் என்றேன். பிறகு கென்ஸோவுக்குச் சாராயம் ஊற்றிச் சம்மதம் வாங்கிவிட்டார்கள். பெண்பிள்ளை ஓடினால் யார் சிரிப்பார்கள், ஆம்பிளையாக மாற்றிவிடுகிறோம், உங்க சம்சாரத்துக்கு மானம் மிஞ்சும் என்றார்களாம்.

என் பாய், என் கால், என் சாறு. பேர் மட்டும் ஹெய்தாவுக்கு. எனக்கு எதில் அருவருப்பு அதிகம் என்று இத்தனை வருடமாகியும் தெரியவில்லை. நான் ஓடினதிலா, அவன் ஓடினதிலா?

அக்டோபர் 11, ஞாயிறு

மியோ என்னை ஏமாற்றிவிட்டாள். துறைமுகத்தில் காய்கறி மலிவு என்று கூட்டிப்போய் மீன் ஏலக் கொட்டகையில் உட்காரவைத்தாள். லாரிக்காரர்களின் ஆண்டுக் கூட்டம். சாலை விபத்தில் அப்பாவை இழந்த பிள்ளைகளுக்கு உண்டியல் குலுக்குகிறார்கள், அது நல்ல காரியம். அப்புறம் வெள்ளைத் திரை கட்டிப் படம் போட்டார்கள். எழுந்திருக்கலாம் என்றால் முழங்கால் ஒத்துழைக்கவில்லை.

படம் மோசம். ஹெய்தா மூக்கு நோண்டுகிறான், குசு விடுகிறான், குளிக்கிற பெண்களை எட்டிப்பார்க்கிறான். போலீஸ் வண்டியெல்லாம் சேற்றில் விழுகிறது. கிழவர்கள் குழந்தை மாதிரி சிரித்தார்கள்.

பிறகு அந்த இடம் வந்தது. ஐந்து பிள்ளைக்காரன் ஒரு டிரைவர், நம் கடையில் சீட்டு எழுதுகிற இன்ஸ்பெக்டரிடம் மாட்டிக்கொள்கிறான். ஹெய்தா கக்கூசிலிருந்து வருகிறான். நம் பாய். தெரிந்த கறையெல்லாம் தெரிகிறது. ஓடிவந்து சீட்டைப் பிடுங்கி வாயில் போட்டு மென்று விழுங்குகிறான்.

முன்னூறு பேர் சிரித்துக் கைதட்டுவார்கள் என்று காதைப் பொத்திக்கொண்டேன். கையை எடுத்துப் பார்த்தால் கொட்டகையில் சத்தமே இல்லை. எனக்குப் பக்கத்தில் குமகாய் துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தான்.

"சிரிக்கிற படம்தானேடா இது" என்றேன்.

"எங்கப்பாவுக்கு மூணாவது சீட்டு எழுதினப்ப அவர் சாப்பிட்டுக்கிட்டிருந்த கடையில இருபத்தஞ்சு பேர் இருந்தாங்களாம் பாட்டி. அத்தனை பேரும் சாப்பிட்டுக்கிட்டே இருந்தாங்களாம். தட்டுலேர்ந்து தலையத் தூக்கலியாம். அப்பா அதுக்கப்புறம் வேற வேலைக்குப் போகல, குடிச்சே போயிட்டாரு." மூக்கைச் சிந்தினான், அதே துண்டில். "இவன் மட்டும்தான் செருப்பைக்கூட மாத்தாம வந்தான்."



அக்டோபர் 12, திங்கள்

நாலு கீரைக்கட்டு வாங்கவா அவ்வளவு தூரம் கூட்டிப்போனாள்? மியோவோடு பேசவில்லை.

நவம்பர் 7, சனி

இன்று இடித்தோம். எத்தனை பேர் என்ன சொன்னாலும் முழங்கால் என்னுடையது.

முப்பது லாரிக்கு மேல் வந்து சாலையோரம் நின்றன. சாவு வீட்டுக்கு வந்த மாதிரி கைகட்டிக்கொண்டு நின்றார்கள். ஆளுக்கு ஒரு ஓடு கேட்டார்கள், நினைவுக்காம். சுவரில் பதித்த நீல ஓடு, அதில் என்னென்ன தெறித்திருக்கும் என்று கழுவின எனக்குத் தெரியும். சரி என்றேன். ஆனால் முதலில் ஒரு கிண்ணம் சாறு. சாப்பிட்டு முடித்தவனுக்குத்தான் ஓடு.

குடித்தார்கள். மருந்து குடிக்கிற முகத்தோடு ஆரம்பித்தார்கள். அப்புறம் பேச்சு நின்றுபோய் உறிஞ்சுகிற சத்தம் மட்டும். அது போதும் எனக்கு.

கடப்பாரை விழுவதற்கு முன் கடைசியாக ஒரு தடவை ஓடிக்காட்ட அனுமதி கேட்டான் அந்தக் கண்ணாடிக்காரன். பாய்மேல் பழைய தார்ப்பாய் விரித்துவிட்டு, ஓடித் தொலை என்றேன். ஓடினான். கைக்குட்டையைச் சீட்டாக வைத்துக்கொண்டு வாயில் திணித்து மென்றான்.

என்னால் பொறுக்கமுடியவில்லை. அவ்வளவுதான் காரணம். வேறு ஒன்றும் இல்லை.

"மெல்லலடா. யாரு மென்னா? சாத்துல போட்டுக் கலக்கினேன்."

மோரியோ கடப்பாரையைக் கீழே வைத்தான்.

"யாரு கலக்கினது?" என்று குமகாய் கேட்டான்.

"நான்தான். என் புருஷனோட சீட்டு. இதே பாய்."

குமகாய் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றான். என் காலையும் பார்த்தான், உள்வீட்டுத் துணிச் செருப்பு போட்டிருந்தேன். அவன் குனிவான், கும்பிடுவான், படம் எடுப்பான், அப்போது கரண்டியால் ஒன்று போடலாம் என்று தயாராக இருந்தேன். அவன் கிண்ணத்தை நீட்டினான்.

"இதே சாறா பாட்டி?"

"இதே சாறு. அன்னிக்கு உப்பு கொஞ்சம் கூட."

"இன்னொண்ணு ஊத்துங்க."

நவம்பர் 8, ஞாயிறு

மோரியோ கோபமாக இருக்கிறான். "ஐம்பது வருஷமா பொய் சொல்லியிருக்கே" என்றான். முப்பத்தொன்பதுதான் என்று திருத்தினேன். "அப்பாவுக்காக ஓடினே. அதை ஏம்மா எங்கிட்ட மறைச்சே?"

இன்ஸ்பெக்டர் என் காலைப் பார்த்த மாதிரி நீயும் பார்த்துவிடுவாய் என்று பயந்தேன். அதைச் சொல்லவில்லை. வெங்காயத்தாள் நறுக்கச் சொன்னேன். நறுக்கினான். ஒவ்வொன்றும் விரல் நீளம். அவ்வளவு கோபம்.

நவம்பர் 24, செவ்வாய்

முதல் பனி. புது கக்கூஸ் பளபளவென்று இருக்கிறது, உட்காரும் இடம் சூடாகக்கூட ஆகிறது. நான்கு நாளாக ஒரு லாரியும் இல்லை. மோரியோ பானையையே பார்க்கிறான். அரைப் பானையைக் கொட்டினேன்.

கர்வம் பிடித்த கிழவி, கடையை மூடவைத்துவிட்டாயே. இதை நானே எனக்கு எழுதிக்கொள்கிறேன், வேறு யாராவது சொன்னால் பிய்த்துவிடுவேன்.

டிசம்பர் 9, புதன்

பதினொரு மணிக்குள் ஒன்பது லாரி. குமகாய் வாக்கி டாக்கியில் வழியெல்லாம் எதையோ சொல்லிக்கொண்டே போகிறானாம், "எட்டாவது வளைவு தாண்டினா சாறு" என்று. நாற்பத்தைந்தாம் நம்பர் சாலையில் எட்டாவது வளைவு எது என்று எனக்கே தெரியாது. இரண்டு கிண்ணம் குடித்துவிட்டுக் கதவருகே நின்று ஏப்பம் விட்டான், கண்ணாடி அதிர்ந்தது. அருவருப்பான ஜன்மம். சாற்றில் போடுகிற கோதுமைத் தட்டை தீர்ந்து, வாங்கிவர மியோவை ஓட்டினேன்.

மதியம் ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும், செண்டாய் நகரத்துக்குக் கணவாய் மீன் ஏற்றிப் போகிறவள். லாரியில் ஒரு விளக்குகூடக் கிடையாது. சாலையில் யாரோ சாறு நன்றாக இருக்கும் என்றார்களாம். புதுக் கக்கூசுக்குப் போய்விட்டுச் செருப்பை ஒழுங்காக மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். முதல் வாய்க்கே கண்ணை மூடினாள். மோரியோவுக்குப் பெருமை தாங்கவில்லை, படத்தைப் பற்றி ஆரம்பித்தான்.

"படமா? என்ன படம் அண்ணே? கேள்விப்பட்டதே இல்லியே."

அவன் என்னைப் பார்த்தான். நான் அடுப்பை விட்டு வந்து அவள் எதிரில் உட்கார்ந்தேன். முழங்கால் கடகடத்தது.

"பாத்துடு" என்றேன். "பாதி அசிங்கம். மீதிக்காகப் பாரு."

"கதை என்ன பாட்டி?"

கிண்ணத்தில் ஆவி குறைந்துகொண்டே வந்தது. ஆறினால் சூடு பண்ணித் தருகிறேன், நீ கேளு என்று சொல்லிவிட்டு, இன்ஸ்பெக்டர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருகிற இடத்திலிருந்து ஆரம்பித்தேன்.