ஸ்பிரே பாட்டிலைத் தர மாட்டேன்

வீட்டை விட்டுப் போன மருமகளுக்கு மாமியார் எழுதிக்கொள்வது.

இங்கே நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், உனக்கென்ன குறை. கடிதம் என்றால் இப்படித் தொடங்க வேண்டுமே என்று எழுதினேன். அக்கறை என்று நினைத்துவிடாதே.

உன் கடிதம் கிடைத்தது. பரண்மேல் இருக்கும் பெட்டியையும் நம் லாண்டரிக் கடையில் விட்டுப்போன சாமான்களையும் கேட்டிருந்தாய். நேற்றே பார்சலில் போட்டாயிற்று. உன் செருப்பு, சீப்பு, காது உடைந்த காபிக் கோப்பை எல்லாம் உள்ளே இருக்கின்றன. இந்த வீட்டில் உன் தூசுகூடத் தங்கக் கூடாது.

ஏன் தெரியுமா? பிள்ளையைப் பறிகொடுத்தவள் நான். உனக்குப் புருஷனாவதற்கு முன்பே எனக்கு மகனாக இருந்தவன். கடையைச் சாத்திவிட்டு அவனை நினைக்கலாம் என்று கண்ணை மூடினால், சுவரில் மாட்டிய படம்தான் வருகிறது. அசையாது, பேசாது, சட்டைக் காலரோடு முடிந்துவிடும். நீயோ கூப்பிடாமலே வந்து நிற்கிறாய். கஞ்சி வாசனை கிளம்பினால் போதும், நீ தும்முகிறாய். பக்கத்துக் கடை ஷட்டர் பாதியில் சிக்கினால் நீ காலால் உதைக்கிறாய். கை இங்கே துணியில் இருக்கும், மனசு உன் பின்னால் போய்விடும். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைதான்.

விடுதியிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளைத் தொடவே பிடிக்கவில்லை. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, நடந்து வந்து நடுவில் சேர வேண்டுமல்லவா? அப்படி என் முகத்துக்கு எதிரே வந்து நின்றுகொண்டுதானே சொன்னாய், எலக்ட்ரிசியன் உன்னைக் கட்டிக்கொள்ளக் கேட்டிருக்கிறார், நீயும் சரி என்றுவிட்டாய் என்று. என் பக்கத்து முனைகளைக் கீழே போட்டேன். இனி இந்த வாசலை மிதிக்காதே என்றேன். இஸ்திரிப் பெட்டியைக் கழற்றிப் பார்க்க வந்தவன் என் வீட்டையே கழற்றிக்கொண்டு போனான்.

போன மாதம் என்ன நடந்தது, கேள். நான் காலமெல்லாம் கையால் தண்ணீர் தெளித்தவள். அந்தப் பச்சை ஸ்பிரே பாட்டிலை வாங்கி வந்தவள் நீதான். கடைக்கு வந்திருக்கும் புது ஆள் அதை எடுத்து 'புஸ் புஸ்' என்று அடித்தாள். அவ்வளவுதான். என் பிள்ளை ஈரத்தலையோடு சட்டை கேட்டு வருகிறான், நீ அவன் முகத்திலேயே அடிக்கிறாய், "அம்மா, இவளப் பாரும்மா, நான் என்ன சட்டையா?" என்று அலறுகிறான். நான் சிரித்துக்கொண்டே கையிலிருந்த நீலச் சட்டையைத் தேய்த்து முடித்து, மேல் பட்டனைப் போடாமல், குளியலறை வாசலில் அவன் சட்டை தொங்கும் ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன்.

அது வக்கீலின் சட்டை. மறுநாள் காலை கோர்ட்டுக்குக் கிளம்பி வந்தவர் கத்தித் தீர்த்துவிட்டார். கடையையே கலைத்துத் தேடினோம். கடைசியில் கை கழுவப் போன புது ஆள்தான் கண்டெடுத்தாள். "வயசாயிடுச்சும்மா, கடைய மூடிட்டு வீட்ல உக்காருங்க" என்றார் வக்கீல். இந்தப் பேச்சை எனக்கு வாங்கித் தந்த புண்ணியவதி நீ.

அன்றே அந்த பாட்டிலை உன் பெட்டிக்குள் திணித்துக் கட்டினேன். பழையபடி கையால் தெளித்தோம். கஞ்சி போடும் வேலையையும் வெளியே கொடுத்துவிட்டேன். நீ வரவில்லை. எந்தச் சட்டையும் வழி தவறவில்லை. நிம்மதி என்று நினைத்தேன்.

ஆனால் அவனும் வரவில்லை. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அவன் ஒரு நாளும் தனியாக வந்ததில்லை, உன் பின்னாலேயே வந்திருக்கிறான். நீ தும்மினால்தான் அவன் சிரிப்பான். நீ உதைத்தால்தான் "ஷட்டர் பாவம்டி" என்பான். பெற்றவள் கூப்பிட்டு வராதவன் நீ வந்தால் கூடவே வருகிறான். ஒரு தாய்க்கு இதைவிட அவமானம் உண்டா? உன்மேல் எனக்கு வெறுப்புதான். அதில் உனக்குச் சந்தேகமே வேண்டாம்.

அதனால் கட்டிய பெட்டியைப் பிரித்து பாட்டிலை வெளியே எடுத்துவிட்டுத்தான் அனுப்பினேன். நீ வாங்கியதுதான், உன்னுடையதுதான். தர மாட்டேன். வேண்டுமென்றால் நேரில் வந்து பிடுங்கிக்கொண்டு போ. வாசலை மிதிக்காதே என்று சொன்னது சொன்னதுதான். கடைக்குப் பின்வாசல் ஒன்றும் இருக்கிறது.

அந்த எலக்ட்ரிசியனையும் அழைத்து வருவதென்றால் ஸ்க்ரூடிரைவரோடு வரச் சொல். இஸ்திரிப் பெட்டி மறுபடி சூடேற மாட்டேன் என்கிறது. விரிப்புகளும் மடிக்காமல் குவிந்து கிடக்கின்றன. புது ஆளுக்கு முனையோடு முனை சேர்க்க வராது.

நன்றாக இரு. தும்மலுக்கு மாத்திரை சாப்பிடுவதாக எழுதியிருந்தாய். இங்கே வருகிற அன்று மட்டும் சாப்பிடாமல் வா.

இப்படிக்கு,
நீ இன்னும் அத்தை என்றே எழுதுகிறவள்