இரண்டு பாட்டுக்கு நடுவில் நீ சொன்னது

பெல்லிங்ஹாம்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் மாரெனுக்கு,

நானும் நாய் பிக்கிளும் சுகம். நீயும் உன் குழுவில் இருக்கும் இரண்டு பேரும் அந்தப் பழைய வேனில் கழுத்து வலிக்காமல் தூங்கி, காபியும் மஃபினும் தவிர வேறு ஏதாவது சாப்பிட்டு நன்றாக இருக்கவேண்டும் என்பதே என் நினைப்பு. இங்கே மழை பிடித்துக்கொண்டது, விடுகிற வழியாக இல்லை. உங்கள் ஆல்பத்தைக் காபிக் கடையில் கல்லாவுக்குப் பக்கத்திலேயே அடுக்கி வைத்திருக்கிறார்கள், காலையில் உள்ளே போனால் உன் குரலும் கிதாரும்தான் வரவேற்கின்றன. மேனேஜர் ட்வைட் என்னைப் பார்த்ததும், "பாடகியோட அம்மா வந்தாச்சு, இன்னைக்காவது காசு குடுப்பீங்களா?" என்று கிண்டல் செய்கிறான்.

போனில் சொன்னால் நீ சிரித்துத் தட்டிக்கழித்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். ட்வைட் கடையிலேயே உட்கார்ந்து, கப் வைக்கிற சத்தத்தோடு பாடி இந்த ஆல்பத்தைப் பதிவு செய்தீர்களே, இரண்டு பாட்டுக்கு நடுவில் நீ பேசியதையும் வெட்டாமல் விட்டீர்கள். "எங்க வீடு இங்கதான், தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னாடி, மஞ்சள் வீடு. அம்மா சாவிய ஜெரேனியம் பூந்தொட்டிக்கு அடியிலதான் வைப்பாங்க, பசிச்சா போய்ச் சாப்பிடுங்க" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான் சிரித்தேன். அன்று அங்கே இருந்ததெல்லாம் தெரிந்த முகங்கள். இப்போது அதே பேச்சு ஊர் ஊராக அந்தக் காபிக் கம்பெனியின் எல்லாக் கிளைகளிலும் தினமும் ஓடுகிறது, யார் கேட்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்.

முதலில் ஒரு ஜோடி வந்து வீட்டைப் போட்டோ எடுத்தது, நான் கையசைத்தேன். அப்புறம் ஒரு சாயங்காலம் வேலை விட்டு வந்தால் வாசல்படியில் அந்தக் கடையின் காகிதக் கப், இன்னும் சூடு ஆறவில்லை, அதன்மேல் உன் பெயர் எழுதியிருந்தது. நீதான் சொல்லாமல் வந்துவிட்டாய் என்று அறை அறையாக உன்னைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினேன். அன்றைக்கே சாவியை உள்ளே எடுத்து வைத்துவிட்டேன், ஆனால் கப் வருவது நிற்கவில்லை. ட்வைட்டைக் கேட்டால், "என்ன பேரு சொன்னாலும் கப்புல எழுதிடுவோங்க. ஒருத்தர் தினமும் அந்தப் பேர்லதான் வாங்கறாரு, பாவம், ரசிகர். மாரென் நன்றித் திருநாளுக்கு வீட்டுக்கு வர்றாங்களாமேன்னு அவ்வளவு சந்தோஷமா கேட்டாரு" என்றான். போலீஸ்காரர், "காபி வைக்கறது குத்தமில்லயே மேடம்" என்றார். ஆல்பத்திலிருந்து உன் அந்தப் பேச்சை வெட்டச் சொல்லிக் காபிக் கம்பெனிக்குப் போன் செய்தேன், அங்கே ஒரு பெண், "அதுதாங்க ஆல்பத்துலயே மனசுக்கு நெருக்கமான இடம்" என்றாள்.

இன்று காலை பனிக்குப் பயந்து ஜெரேனியத்தை உள்ளே வைக்கலாம் என்று தொட்டியைத் தூக்கினேன். அடியில் ஒரு சாவி. நம்முடையது சமையலறை டிராயரில் பத்திரமாக இருக்கிறது. இது புதிது, பளபளவென்று இருந்தது. பூட்டில் போட்டேன், திறந்தது. நான் உள்ளே எடுத்து வைக்கும் முன்பே யாரோ நம் சாவியைக் கொண்டுபோய் நகல் வெட்டியிருக்கிறார்கள். பிக்கிளைத் தூக்கிக்கொண்டு நோர்மா சித்தி வீட்டுக்கு வந்துவிட்டேன், இங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். நாளைக்குப் பூட்டு மாற்ற ஆள் வருகிறான்.

வீட்டுக்குள் போக வேண்டும் என்றால் இத்தனை நாளில் அந்த ஆள் போயிருக்கலாம். அதைத்தான் காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். போயும் இருக்கலாம், எனக்குத் தெரியாது. ஆனால் சாவியைத் திரும்ப அங்கே வைத்திருப்பது எனக்காக இல்லை, மாரென். தொட்டிக்கு அடியில் கை விட்டுத் தேடப்போகிறவள் நீதான். நீ வரும்போது கதவு திறக்க வேண்டும் என்று அந்த ஆள் நினைத்திருக்கிறான்.

எந்த ஊரில் இருந்தாலும் கடவுள் உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும், உன் தொண்டை கட்டாமல் இருக்கட்டும், உன் கூட்டாளிகளுக்கும் என் ஆசிகள். மறக்காதே, இனி மேடையில் பாட மட்டும் செய். நன்றித் திருநாள் வான்கோழி விருந்தை நீ இருக்கும் ஊருக்கே நான் எடுத்து வருகிறேன். நீ வீட்டுக்கு வராதே.

உன் வரவுக்காக இத்தனை நாள் காத்திருந்த,
அம்மா லோர்னா