கருப்பட்டி கரும்பில் காய்க்கும்

இன்று காலை மாரியம்மாளின் நோட்டைத் திறந்தால் உள்ளே எறும்பு. கருப்பட்டித் துண்டு ஒன்றைத் தாளில் மடித்து வைத்திருக்கிறாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உம் ஞாபகம்தான் வந்தது வே. நீர் கண்ணை மூடி ஒரு வருடமாகிறது. ஆசிரியர் அறையில் உம் நாற்காலியை யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். சண்டை போட்டுத் திரும்ப வாங்கினேன். இப்போது அதில் நான்தான் உட்காருகிறேன்.

நம் உடன்குடிப் பக்கத்துப் பிள்ளைகள் பேச ஆரம்பித்தால் ஓயமாட்டார்கள். 'பனையைப் பற்றி ஐந்து வரி எழுது' என்றால் மட்டும் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருப்பார்கள். நான் மாதிரிக் கட்டுரையை எழுதிப்போட்டுப் பார்த்து எழுதச் சொல்வேன். நீர் என்ன செய்தீர்? கரும்பலகையில் பெரிதாக ஒரு பொய்யை எழுதினீர்: 'கருப்பட்டி கரும்பில் காய்க்கும்.' வகுப்பு கொந்தளித்துவிட்டது.

"தப்பு சார்! பனையில உள்ளது சார்!"

காதைப் பொத்திக்கொண்டீர். "எனக்குக் காது கேக்காதுலே. தப்புன்னா எழுதிக் குடுங்க."

துண்டுத் தாள்கள் வந்தன. ஒரு தாளுக்கு ஒரு செய்தி. ஒற்றைச் சொல் எழுதியவளிடம் "அப்புறம்?" என்று மட்டும் கேட்டீர். 'பதனி' என்பது 'பதனி காய்ச்சணும்' என்று வளர்ந்தது. பிறகு எல்லாரும் தரையில் உட்கார்ந்து, எது முதலில், எது பிறகு என்று தாள்களை அடுக்கினார்கள். கட்டுரை முடிந்தது.

"பொய் சொல்லிப் பாடம் நடத்துதீரு வே" என்று கிண்டல் செய்தவன் நான். பிள்ளைகள் எழுதிய 'காய்ச்சுதாவ' என்பதை 'காய்ச்சுகிறார்கள்' என்று சிவப்பு மையில் திருத்தவில்லை என்று தலைமையாசிரியர் எல்லார் முன்னாலும் உம்மைக் கடிந்தபோது, நான் வருகைப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். இன்றும் வெட்கமாக இருக்கிறது. நீர் சிரித்துக்கொண்டே சொன்னீர்: "முதல்ல எழுதட்டும் சார். திருத்துததுக்கு ஏதாவது வேணும்லா."

மாரியம்மாள் ஏழாம் வகுப்பு. தன் பெயரைத் தவிர எதையும் சொந்தமாக எழுதியதில்லை. நேற்று உம் பொய்யையே பலகையில் எழுதிப்போட்டேன். இன்று ஆறு வரியோடு வந்திருக்கிறாள்:

'எங்கப்பா பதனி எறக்குதாவ. கலயத்துல சுண்ணாம்பு தடவணும். இல்லன்னா கள்ளாயிரும். எங்கம்மா பெரிய சட்டியில காய்ச்சுதா. பொங்குனா ஆமணக்கு வெத தட்டிப் போடுவா. அடங்கிரும்.'

"நம்பலன்னா தின்னு பாருங்க சார்" என்று கருப்பட்டியைக் காட்டினாள்.

மதியம் தலைமையாசிரியர் அந்த ஆறு வரியைப் படித்தார். "நாளைக்குப் பள்ளிக்கூடத்தைப் பாக்க அதிகாரி வாராரு. இதைக் கிழிச்சிட்டு மாதிரிக் கட்டுரையைப் பாத்து எழுதச் சொல்லும்."

அவள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கிழித்தால் இனி அவள் பேனாவைத் தொடமாட்டாள். எனக்கு அது நிச்சயம்.

"கிழிக்க மாட்டேன் சார். சுண்ணாம்பு எதுக்கு, ஆமணக்கு எதுக்குன்னு இதுல தெளிவா இருக்கு. நம்ம கட்டுரையில 'பனை மிகவும் பயனுள்ள மரம்'னுதான் இருக்கு. எழுத்துத் தமிழை நான் பைய சொல்லிக் குடுக்கேன்."

"அவரு கேட்டா நீருதான் பதில் சொல்லணும்."

"சொல்லுதேன்."

நோட்டிலிருந்து அந்தத் தாளை அலுங்காமல் எடுத்து, அவர் கண்ணெதிரே வகுப்புச் சுவரில் ஒட்டினேன். உமக்காக அன்று திறந்திருக்க வேண்டிய வாய் வே இது. பிந்திவிட்டது. ஆனால் இனி மூடுவதாக இல்லை.

மாரியம்மாள் பின்னாலேயே வந்தாள். "சார், இன்னும் முடியல. காய்ச்சுன பாகைச் செரட்டையில ஊத்துதத எழுதணும். தாள் இருக்கா?"

கொடுத்தேன். நாளை அதிகாரி வரும்போது சுவரில் ஏழாவது வரியும் இருக்கும்.