நீ இல்லாத கல்யாணப் படம்

என் வீட்டுக்காரிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்கிறாயா?

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு நான் வேலை பார்க்கும் சலவைக்கூடத்தில் மதியம் ஒரு சினிமா போட்டார்கள். பண்டிகைக்கு எல்லாம் சமைத்து வைத்த அம்மாவை வீட்டிலேயே மறந்துவிட்டு, குடும்பமே காரேறிப் போய்விடுகிறது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"என்ன பெருசு, சிரிச்சா பல்லு கொட்டிடுமா?" என்றான் இஸ்திரி போடுகிறவன்.

"பெத்தவளை எவன்டா மறப்பான்? கதை விடுறானுங்க" என்றேன்.

அறைக்கு வந்து, அலமாரிக் கதவுக் கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் மகளின் கல்யாணப் படத்தைப் பார்த்தேன். பதினான்கு பேர் நிற்கிறோம். நீ இல்லை. கடைசிப் பந்திக்குப் பரிமாறிக்கொண்டிருந்தாய். ஆறு வருடமாக அதன் முன்னால் நின்றுதான் தலை சீவுகிறேன். அன்றுதான் கண்ணில் பட்டது. அழுகை வரவில்லை, ஒன்றும் தோன்றவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன்.

தப்பு போட்டோக்காரனுடையது. பெண்ணின் தாய் எங்கே என்று அவன்தான் கேட்டிருக்க வேண்டும். இதில் நான் இறங்கி வருவதாக இல்லை.

ஊசியும் வெள்ளை நூலும் அனுப்பு. கூடவே சின்னவனை விட்டு உன்னைத் தனியாக ஒரு படம் எடுக்கச் சொல். அடையாள அட்டைப் படம் வேண்டாம். அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார். எடுத்து முடிக்கும்வரை யார் கூப்பிட்டாலும் எழுந்து போகாதே.

தபால்காரர் வாசலில் நிற்கிறார்.

உன் வீட்டுக்காரன்