நாலு வாட் குரல்

செப்டம்பர் 12, 2024, வியாழன்

மாலை ஐந்தே முக்காலுக்கு வழக்கம்போல கராஜில் போய் உட்கார்ந்தோம். அவருடைய பழைய பிக்அப் வண்டியில் இருக்கும் சிபி ரேடியோ எங்கள் மகள் வெண்பாவைவிட மூத்தது. லாரிக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வைத்திருப்பது. நாலு வருடம் முன்பு ஃப்ரீவேயில் அதைத் திருகிக்கொண்டு போனபோது, ஒருவன் சுத்தமான நாமக்கல் தமிழில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தான். “யாரு கண்ணு அது?” என்று கேட்டார் இவர். அவன்தான் கதிர். வியாழன்தோறும் லோடு ஏற்றிக்கொண்டு எங்கள் ஊர் சுகர் லேண்டைத் தாண்டி லாரடோவுக்குப் போவான். அந்த ஐந்தாறு நிமிடம்தான் ரேஞ்ச் கிடைக்கும். நேரில் பார்த்ததில்லை. போன் நம்பர் வாங்குங்களேன் என்றால், “போன்ல பேச என்ன இருக்கு?” என்பார்.

இன்று கதிர் சொன்னான்: “அண்ணா, சத்தமே எழும்ப மாட்டேங்குதுங்க. ரேடியோ பழசாயிடுச்சாட்ட இருக்கு.”

“ஆமா கண்ணு, பழசுதான்.”

காரணம் ரேடியோ இல்லை. ஏ.எல்.எஸ்., தசைகளை ஒவ்வொன்றாக முடக்கும் நரம்பு நோய். கையில் ஆரம்பித்தது இப்போது நாக்குக்கு வந்துவிட்டது. கதிரிடம் சொல்லாதே என்று என் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார்.

செப்டம்பர் 14, சனி

இருபத்திரண்டு வருடமாகக் கம்பெனிக்காகச் சர்க்யூட் போர்டுகளைப் பார்க்கிறேன். எங்கள் பிக்அப் ரேடியோவை இன்றுதான் திறந்தேன். கெபாசிட்டர்கள் வீங்கிப்போய், இரண்டு கசிந்திருந்தன. எல்லாவற்றையும் கழற்றிப் புதிதாகப் பற்றவைத்தேன். இரண்டு வாட்டுக்குத் தேய்ந்திருந்த பவர் நாலுக்கு வந்தது. சட்டம் அனுமதிப்பதும் அவ்வளவுதான்.

ஸ்க்ரூ டிரைவர் பிடிக்க முடியாத கையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். “உனக்கு இந்த வேலை இவ்வளவு நல்லா வரும்னு எனக்குத் தெரியாது, நாகு.”

இவ்வளவு வருடத்தில் நீங்கள் என் ஆபீஸுக்கு வந்தது ஒரே தடவை என்று நினைத்துக்கொண்டே மூடியை முடுக்கினேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

இனி அவரால் பிக்அப்பில் ஏற முடியாது. ரேடியோவை டைனிங் டேபிளுக்குக் கொண்டுவந்தேன். கூரைமேல் ஆன்டெனா வைத்தால் குடியிருப்புச் சங்கத்திடமிருந்து கண்டனக் கடிதம் வரும். கூரைக்கு அடியில் இருக்கும் அட்டிக்கில் ஏறி மரச்சட்டத்தில் கட்டினேன், கேபிளையும் மாற்றினேன். உள்ளே அடுப்பு மாதிரி சூடு. இறங்கி வந்தபோது அவர் சிரித்துச் சிரித்து இருமினார். என் தலையெல்லாம் அட்டிக்கில் விரித்திருந்த பஞ்சு.

அக்டோபர் 3, வியாழன்

ஆன்லைனில் ஒருத்தன் நூறு வாட் பூஸ்டர் விற்கிறான். எனக்கு எதற்கு? குறை பவரில் இல்லை, மைக்குக்கு வந்து சேரும் குரலில். மைக்குக்குள் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர் வைத்தேன். குரலின் அழுத்தத்தைக் கூட்டும் மாடுலேஷனை இம்மி இம்மியாகத் திருப்பினேன். கொஞ்சம் கூடினால் குரல் கிழியும், பக்கத்துச் சேனல்களிலும் போய் இரையும்.

ஐந்து ஐம்பதுக்கு அவர் மெல்லப் பேசினார். கதிர் கத்தினான்: “அண்ணா! கேபின்ல பக்கத்து சீட்ல உக்காந்து பேசற மாதிரி இருக்குதுங்க!”

அவர் அழுதார். நான் கிச்சனுக்குப் போய்விட்டேன்.

அக்டோபர் 27, ஞாயிறு

ஆஸ்டினிலிருந்து வெண்பா வந்திருந்தாள். “அப்பா, யூ ஜஸ்ட் டைப், இட் டாக்ஸ் ஃபார் யூ” என்று டேப்லெட்டைக் கொடுத்தாள். அவர் ஒரு வரி அடித்தார். அது யாருடையதோ ஒரு குரலில் பேசியது. டேப்லெட்டை மெதுவாகக் கவிழ்த்து வைத்தார். குழந்தை முகம் வாடிவிட்டது. யாரைச் சமாதானம் செய்வது?

நவம்பர் 14, வியாழன்

மாடுலேஷனை மறுபடி கூட்டினேன். இப்போது மைக்கில் ஃபிரிட்ஜ் சத்தம்கூட விழுகிறது. கதிரின் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆயிற்றா என்று கேட்டார்.

“ஆமாங்கண்ணா, ஆமாங்க” என்றான் அவன்.

டிசம்பர் 19, வியாழன்

வெண்பாவை அவருடன் விட்டுவிட்டு, சின்ன கையடக்க ரேடியோவோடு ஃப்ரீவே ஓரக் கடையின் பார்க்கிங்கில் நின்று அவர் பேசுவதைக் கேட்டேன். இரைச்சலே இல்லை. அத்தனை சுத்தம். ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது.

ஜனவரி 16, 2025, வியாழன்

மைக் பட்டனை நான்தான் அழுத்திப் பிடித்தேன். அவர் வெகுநேரம் பேசினார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

காலை ஆறு பத்துக்கு.

பிப்ரவரி 13, வியாழன்

வீடு நிறைய ஆட்கள். ரேடியோவை யாரும் அணைக்கவில்லை போல. “அண்ணா, இருக்கீங்களா?”

இதுவரை அந்த மைக்கில் நான் பேசியதில்லை. “கதிர், நான் நாகமணி. அவரு ஞாயித்துக்கெழம போயிட்டாரு தம்பி.”

பிறகு, ரேஞ்ச் தேயத் தேய, “அட்ரஸ் சொல்லுங்கக்கா, அட்ரஸ்” என்று மட்டும் கேட்டது.

பிப்ரவரி 22, சனி

கதிர் வந்தான். முப்பத்தைந்து இருக்கும், குரலுக்குச் சம்பந்தமில்லாத ஒல்லி உடம்பு. தோசை வைத்தேன். பிட்டுப் பிட்டுத் தட்டிலேயே போட்டான்.

“அக்கா, ஒண்ணு சொல்லோணுங்க. நவம்பர்ல இருந்தே அண்ணன் பேசுனது ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியலைங்க. சத்தம் கணீர்னு வந்துச்சு. ஆனா என்ன சொல்றாருன்னு... திருப்பிக் கேக்க மனசு வரலைங்க. ஆமாங்கண்ணா, ஆமாங்கண்ணான்னே சொல்லிட்டிருந்தேன்.”

கோபம் வந்தது. ஒரு நிமிடம்தான். யார்மேல் கோபப்பட?

“அண்ணன் என்னதான் சொன்னாருங்க?”

அடுப்பை அணைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். ஞாபகம் இருந்ததெல்லாம் வரிசையாகச் சொன்னேன்.

“உங்கப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆச்சான்னு கேட்டாரு.”

“ஆச்சுங்க. இப்ப கண்ணாடி இல்லாம பேப்பர் படிக்கறாரு.”

“தூக்கம் வந்தா விக்டோரியா ஊர்ப் பக்கம் லாரிய நிறுத்திப் படுத்துக்கச் சொன்னாரு.”

“அங்கதாங்க படுக்கறேன்.”

இப்படியே ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். அரை மணி நேரம் போயிருக்கும்.

“ஜனவரியில, கடைசியாப் பேசுன வியாழக்கெழம, ரொம்ப நேரம் பேசினாருங்களே. அது?”

அதுவரை இந்த நோட்டில்கூட எழுதாததை அவனிடம் சொன்னேன்.

“அது எனக்கும் புரியலை தம்பி. அவரு பக்கத்துல உக்காந்து நானும் ஆமாங்கன்னுதான் சொன்னேன்.”